தேவி பத்தாவது எழுதிய மொழி

சட்டம் எழுதும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். முதலில் என் அனுதாபங்கள். நன்றாக எழுதினால் பேர் மந்திரிக்கு. தப்பு வந்தால் மட்டும், “வரைவுப் பிரிவுல யார் பார்த்தது?” என்று தேடி வருவார்கள். உங்கள் பெயர் எந்த அரசிதழிலும் வராது. வீட்டில் இருப்பவர்களுக்கே நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று புரியாது. என் மாமியார் கடைசிவரை நான் டைப்பிஸ்ட் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

வரைவு எழுதுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. தலைமாட்டில் வைத்துக்கொண்டால் நல்ல தூக்கம் வரும். புதியவர்களுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ஓர் அனுபவம்தான் இன்னும் ஆறாமல் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவில் ஒரு மேலதிகாரி இருந்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வரைவைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் முதல் பக்கத்தைக்கூடப் புரட்ட மாட்டார். “ஆள் யாரு?” என்பார். இந்தச் சட்டத்துக்குள் நடந்து போகப்போகிற ஆள் யார் என்று அர்த்தம். நாங்கள் முருகேசன் என்று ஒருவனைக் கற்பனையாக வைத்திருந்தோம். முருகேசன் காலையில் எழுந்து மனுவோடு எங்கே போவான், அங்கே யார் இருப்பார், இல்லை என்று சொன்னால் அடுத்து எந்தப் படி ஏறுவான் என்று பிரிவு பிரிவாக அவனை நடக்க விட வேண்டும். ஒருமுறை கணவனை இழந்தவர்களுக்கான உதவித்தொகை வரைவு ஒன்றில், முருகேசனுக்குப் புடவை கட்டி நடக்க விட்டோம். நாலாவது பிரிவில் ‘மனுதாரர் தம் கணவரின் ஒப்புதலுடன்’ என்று இருந்தது. ஏதோ பழைய சட்டத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது. அன்று ஆபீஸே வயிறு வலிக்கச் சிரித்தது. மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தபோது, மொழிச் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு தரும் மசோதா ஒன்று என் மேசைக்கு வந்தது. நம் கோப்புகளுக்குத் தெரிந்தது இரண்டே மொழி, தமிழும் ஆங்கிலமும். கோப்பை மூடிவிட்டுத் தெருவில் இறங்கினால் கதை வேறு. திருவல்லிக்கேணியில் உருது கேட்கும், ராயப்பேட்டை டீக்கடையில் மலையாளம் கேட்கும், மயிலாப்பூரின் பழைய வீடுகளுக்குள் கன்னடமும் தெலுங்கும் மராத்தியும் கேட்கும். இவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கங்கே சில பள்ளிகளில் தாய்மொழி வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் அதெல்லாம் யாரோ ஓர் அதிகாரியின் நல்ல மனசில் நடந்தது. அவர் மாறிப்போனால் வகுப்பும் போய்விடும். மசோதா அதை உரிமை ஆக்கியது. ஒரு வட்டாரத்தில் அந்த மொழி பேசுகிறவர்கள் போதிய அளவு குடியிருந்தால் அங்கே வகுப்பு நடத்தியே ஆக வேண்டும், பத்தாம் வகுப்புத் தேர்வையும் அந்த மொழியில் எழுத விட வேண்டும். இதுதான் அதன் உயிர்.

இந்த மசோதாவுக்கு முருகேசன் சரிப்பட மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் முதன்முறையாக நிஜமான ஓர் ஆளை வைத்துக்கொண்டேன். அவர் பெயர் நாகம்மா.

மந்தைவெளியில் எங்கள் தெருவைக் கூட்டிக் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர் நாகம்மா. வீடு அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில். வீட்டில் பேசுவது தெலுங்கு. என் பிறந்த வீட்டிலும் தெலுங்குதான். மூன்று நாலு தலைமுறையாக மயிலாப்பூரில் இருந்தாலும் சமையலறையில் அதுதான் ஓடியது. நான் தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். என் மகனுக்கு அதில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம், அவனும் வெளிநாட்டில் இருக்கிறான். அம்மா போன பிறகு எனக்குத் தெலுங்கு பேச ஆளே இல்லை. ஒரு நாள் காலையில் வாசலில் நாகம்மா செல்போனில் யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார். அருமையான வசவுகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நானும் தெலுங்கிலேயே, “போதும் நாகம்மா, பாவம், விட்டுடு” என்றேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தினமும் காலையில் வாசலில் நாங்கள் பேசிக்கொண்டோம். அவர் தெலுங்கு என் வீட்டுத் தெலுங்கு மாதிரி இருக்காது, பாதிக்குமேல் சென்னைத் தமிழ் கலந்திருக்கும். அவர் தமிழ் பேசினால் எப்படிப் பேசுவாரோ அப்படியே இங்கே எழுதுகிறேன்.

நாகம்மாவுக்குக் கணவர் இல்லை, ஒரே பெண், தேவி. அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் தெலுங்கு வகுப்பு இருந்தது. முதல் வகுப்பிலிருந்து கணக்கு, அறிவியல், சரித்திரம் எல்லாம் அவளுக்குத் தெலுங்கில்தான். நாகம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் தேவி சாயங்காலம் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள், நாகம்மா சோறு வடித்துக்கொண்டே கேட்பார். கேட்டதை மறுநாள் காலையில் என்னிடம் கொண்டுவந்துவிடுவார்.

“அம்மா, மழ ஏன் பெய்யுதுன்னு உங்களுக்குத் தெரிமா?”

“நீயே சொல்லு.”

“கடல் தண்ணி ஆவியாயி மேல போவுதாம். அங்கப் போயி மேகமாயி, திரும்ப மழையா வருதாம். தேவி நேத்து படிச்சிக்கினு இருந்துது. அப்ப நம்ம அடையாத்துத் தண்ணியும் மேல போவும், இல்ல? அந்தக் கப்பும் கூடவே போவுமா?”

 தேவியிடம் கேட்டுச் சொல்லு என்றேன். அடுத்த நாள், நாற்றம் மேலே போகாதாம், தண்ணி மட்டும்தான் போகுமாம், டீச்சர் சொன்னாராம் என்று பதில் வந்தது. இப்படித்தான் பூமி சுற்றுவதும், ரத்தம் ஓடுவதும், வெள்ளைக்காரன் கப்பலில் வந்ததும் நாகம்மாவுக்குத் தெரிந்தன. பெண் படித்த பள்ளியில் அம்மாவும் படித்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை அவரே சொன்னார்: “தேவி தெலுங்குல படிச்சா எனுக்குப் புரியுது. புஸ்தகத் தமிழ்னா பாதிதான் ஏறும். இங்கிலீஷ்னா சும்மா வாயப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்க வேண்டியதுதான். அது பத்தாவது பரீட்ச எழுதறவரைக்கும் தெலுங்குதான்னு டீச்சரு சொல்லிக்கீறாங்க. அது போதும் எனுக்கு.”

ஆகவே என் வரைவுக்குள் நாகம்மாவையும் தேவியையும் நடக்க விட்டேன். குடியிருக்கும் வட்டாரம், சரி. போதிய எண்ணிக்கை, அந்தக் கரையில் தெலுங்குக் குடும்பங்கள் நிறையவே உண்டு, சரி. பள்ளி, சரி. தேர்வு, சரி. தேவி எட்டாவதிலிருந்து பத்தாவது பரீட்சை மண்டபம்வரை எங்கும் தடுக்கி விழாமல் போய்ச் சேர்ந்தாள். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. வரைவை மேலே அனுப்பிவிட்டு, கச்சேரி ரோட்டில் ஓட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாளில், கோடை விடுமுறை தொடங்கும் சமயம், நாகம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

“அம்மா, எங்களுக்கும் டோக்கன் குட்த்துட்டாங்க. ஆத்தோரத்துல இருக்கற எல்லாத்தையும் காலி பண்றாங்க. ஊருக்கு வெளிய மாடி வூடு.”

“நல்லதுதானே நாகம்மா? மழை வந்தா தண்ணி உள்ள வராது.”

“நல்லதுதான். கக்கூசு உள்ளயே கீதாம். ஆனா குலுக்கல் போட்டாங்கம்மா. எனுக்கு ஒரு பிளாக்கு, என் தங்கச்சிக்கு எங்கியோ ஒரு பிளாக்கு. எங்க சந்துல இருந்தவங்க யாரும் ஒண்ணா இல்ல. டீச்சரு இன்னா சொல்றாங்கன்னா, அங்க இருக்கற பள்ளிக்கூடத்துல தெலுங்கு கிடையாதாம்.”

அன்று பஸ்ஸில் உட்கார்ந்தபடி மறுபடியும் நாகம்மாவை என் மசோதாவுக்குள் நடக்க விட்டேன். மூன்றாவது பிரிவைத் தாண்டவே முடியவில்லை. ‘ஒரு வட்டாரத்தில் போதிய அளவு குடியிருந்தால்’ என்று எழுதியிருந்தோம். குலுக்கலில் சிதறிப்போன பிறகு எந்த வட்டாரத்தில் போதிய அளவு இருப்பார்கள்? இங்கே ஆற்றங்கரையில் வகுப்பு இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அங்கே பிள்ளைகள் இருப்பார்கள், வகுப்பு இருக்காது. சட்டம் யாரையும் தொடாமலே பத்திரமாக இருக்கும். முருகேசனாகட்டும் நாகம்மாவாகட்டும், நாங்கள் நடக்க விட்ட ஆட்கள் ஆபீஸ் ஆபீஸாக நடப்பார்கள், ஆனால் சாயங்காலம் அதே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். வீட்டையே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. எங்கள் எல்லோருக்கும் சொந்த வீடு இருந்தது, அல்லது வாடகை கட்டச் சம்பளம் இருந்தது.

எங்கள் வரைவுப் பிரிவில் இதைச் சொன்னேன். உடனே நீங்களும் சொல்லப்போகிற பதிலைத்தான் சொன்னார்கள். துறை என்ன குறிப்பு அனுப்புகிறதோ அதைச் சட்ட மொழியில் எழுதுவது நம் வேலை, கொள்கையில் தலையிடக் கூடாது. தையற்காரனிடம் துணி கொடுத்தால் அளவெடுத்துத் தைக்க வேண்டும், ஆளை மாற்றச் சொல்லக் கூடாது என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. நானே எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். பள்ளி திறந்தது. தேவியை ஒன்பதாவதில், தமிழ் வகுப்பில் உட்கார வைத்தார்கள். தற்காலிகமாகத்தான் என்று தலைமையாசிரியர் சொன்னாராம். நாகம்மாவின் வேலையும் அந்தப் பக்கமே மாறிவிட்டது. எங்கள் தெருவைக் கூட்ட ஒரு பையன் வந்தான், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு. நல்ல பையன்தான். நான்தான் காலையில் வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஆடி மாதம் சட்டசபை கூடியது. மசோதா திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை காலையில், வரைவைத் தூக்கிக்கொண்டு துறைச் செயலரின் வீட்டுக்கே போய்விட்டேன். இதை நீங்கள் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்தால் வேலை போகலாம் என்று மட்டும் சொல்கிறேன். தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் அவர் வீடு. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் என் புடவைத் தலைப்பை இரண்டு பேர் மிதித்தார்கள், கோப்பை ஒரு பாத்திர மூட்டை இடித்தது. செயலர் என்னைவிட வயதில் சின்னவர், கெட்டிக்காரர், நல்லவரும்கூட. என்னை எதிர்பார்க்கவில்லை. காபி வந்தது.

“மேடம், நீங்க கேக்கறது என்னன்னு தெரியுதா? ஜனங்க எங்க போனாலும் பள்ளிக்கூடமும் பின்னாலயே ஓடணும்ங்கறீங்க.”

“அவங்களாப் போகல சார். நாம அனுப்பறோம்.”

அவர் தன் காபியைக் கீழே வைத்தார். வரைவை வாங்கினார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த புதுப் பிரிவைப் படித்தார். அரசே ஒரு குடியிருப்பை எடுத்து வேறிடத்தில் குடிவைத்தால், பழைய இடத்தில் இருந்த மொழி வகுப்பு புதிய இடத்திலும் தொடர வேண்டும், எண்ணிக்கையைப் பிளாக் பிளாக்காகப் பார்க்காமல் முழுக் குடியிருப்புக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அதில் இருந்தது.

“இத நான் எடுத்துக்கறேன்” என்றார். நான் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்தேன். “ஆனா முதல் பிரிவுல நீங்க தேதி போட்டிருக்கீங்களே, உடனே அமல்னு. அத எடுத்துடணும். எப்பவும் போல, ‘அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’னு விட்டுடுங்க.”

“ஏன் சார்?”

“புது எடத்துல வகுப்புன்னா டீச்சர் போடணும், பணம் வேணும். தேதியோட போனா நிதித்துறை கோப்பைத் திருப்பி அனுப்பிடும். இந்தக் கூட்டத்தொடர் போயிடும். அடுத்த கூட்டத்தொடர்ல யார் இந்த நாற்காலில இருப்பாங்களோ, எனக்கே தெரியாது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பிரிவா, தேதியா?”

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதுதான் இந்த வேலை. பிரிவு என்பது இனி எந்த ஆற்றங்கரையிலிருந்து யாரைத் தூக்கினாலும் அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் உரியது. தேதி என்பது தேவிக்கு, நிதித்துறை எப்படியோ கோப்பைத் திருப்பாமல் விட்டால். உடனே அமலுக்கு வந்தால் அவள் பாதி வருஷத்தில் தெலுங்கு வகுப்புக்குத் திரும்பிவிடுவாள், பத்தாவதைத் தெலுங்கில் எழுதுவாள். அறிவிக்கையை நம்பினால் எப்போது வருமோ. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அறிவிக்கை வராமலே அலமாரியில் தூங்கும் சட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். எதிரில் காபி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ஒலிபெருக்கியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

“பிரிவு” என்றேன்.

அவர் பேனாவை எடுத்துத் தேதியை அடித்தார். அடித்த இடத்தில் நான் சுருக்கொப்பம் வைத்தேன். என் பேர் அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் எங்கும் வரவில்லை. மசோதா நிறைவேறியது. அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் வாக்கெடுப்பு, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்திலா பயத்திலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நாகம்மாவிடம் போனில் சொன்னேன். “சட்டம் வந்துடுச்சு நாகம்மா. இனி அறிவிக்கை வரணும்.”

“அது எப்ப வரும்மா?”

“சீக்கிரம் வரும்.”

சீக்கிரம் என்பது நம் அலுவலகத்தில் ஒரு கால அளவு இல்லை என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். விதிகள் எழுத வேண்டும் என்றார்கள். விதிகள் எழுதியாயிற்று, டீச்சர் பணியிடத்துக்கு ஒப்புதல் வேண்டும் என்றார்கள். செயலரை வேறு துறைக்கு மாற்றினார்கள். அவர் சொன்னது பலித்தது. நான் ஓய்வு பெற்றேன். பூங்கொத்து கொடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், மறுநாள் கேட்டில் என்னிடமே அடையாள அட்டை கேட்டார்கள். அதற்குப் பிறகும் மாதம் ஒரு தடவை போய், “என்னாச்சு?” என்று கேட்டேன். என்னைப் பார்த்தாலே கோப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற அளவுக்குப் போயிற்று.

நாகம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ்டு கால் கொடுப்பார், நான் திரும்பக் கூப்பிடுவேன். முதலில் அரை மணி பேசுவோம். தெலுங்கில் பேசப் பேச என் அம்மா அடுப்படியில் நிற்கிற மாதிரியே இருக்கும். அந்த அரை மணிக்காக ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருப்பேன். வெட்கம் எதற்கு, அந்தச் சத்தத்துக்கு ஏங்கித்தான் கிடந்தேன். என்ன பேசினோம் என்பதெல்லாம் ஒன்றும் முக்கியமில்லை, வெண்டைக்காய் விலைகூடத் தெலுங்கில் கேட்டால் எனக்கு இனித்தது. பிறகு பேச்சு குறைந்தது. தேவி ஒன்பதாவதில் முதல் பரீட்சையில் அறிவியலில் தோற்றாள். ஆற்றங்கரைப் பள்ளியில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். இரவெல்லாம் தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுகிறாள் என்று நாகம்மா சொன்னார். அடுத்த வருஷம் அழவில்லை என்று சொன்னார். அதற்கடுத்த கோடையில், தேவி பத்தாவது தேறிவிட்டாள், தமிழில் எழுதினாள், எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தோம் என்றார்.

அந்தக் கோடையிலேயே அறிவிக்கை வந்தது.

ஜூன் மாதம் அந்தக் குடியிருப்புப் பள்ளியில் தெலுங்கு வகுப்பு திறந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானே போனேன். மந்தைவெளியிலிருந்து இரண்டு பஸ். நிறுத்தத்தில் நாகம்மா காத்திருந்தார். இளைத்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் தேவி. என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். பதினொன்றாவதில் சேர்ந்திருந்தாள். எப்படி இருக்கிறாய், என்ன குரூப் எடுத்திருக்கிறாய் என்று தெலுங்கில் கேட்டேன்.

“நல்லா இருக்கேன் ஆன்ட்டி. காமர்ஸ்” என்றாள் தமிழில். மரியாதையாகத்தான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் தோழி ஒருத்தி கூப்பிட்டாள், “வரேன் ஆன்ட்டி” என்று போய்விட்டாள்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் வராந்தாவில் நின்று பார்த்தோம். எந்தெந்தக் கரையிலிருந்தோ வந்த சின்னப் பிள்ளைகள். புதிதாக வந்த டீச்சருக்கு நெல்லூர்ப் பக்கம் போலிருக்கிறது, ராகம் போட்டுப் பேசினார். நான் கேட்டு வாங்கிய பிரிவு கண்முன்னால் உயிரோடு உட்கார்ந்திருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அன்று தேதியைக் கேட்டிருந்தால் இந்தப் பிள்ளைகள் இங்கே இருந்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாகம்மா பக்கத்தில் நின்றபோது அதை இரண்டு மூன்று முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

“தேவி வீட்டுல படிக்கறாளா?” என்று கேட்டேன்.

“படிக்குதும்மா. இப்ப மனசுக்குள்ளயே படிக்குது. வாய் அசையுது, சத்தம் வர்ல. ‘இன்னாமே எழ்திக்கீது, எனுக்கும் சொல்லு’ன்னு கேட்டா, ‘உனக்குப் புரியாதும்மா’ங்குது. கோவத்துல சொல்லல. நெசமாத்தான் சொல்லுது.”

 நாகம்மா வகுப்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கக் கூடாது.”

“கேளு.”

“எம் பொண்ணுக்கு இனிமே இது வாணாம். அது எப்டியோ நீஞ்சி கரைக்குப் போய்டுச்சி. அந்தக் கடைசி பெஞ்சி காலியாத்தானே கீது? வேல முடிஞ்சதும் நா வந்து குந்திக்கட்டா? ஒரு ஓரமா. நீங்க எழ்தின சட்டந்தானே, அதுல எனுக்கு எடம் கீதா?”

இரண்டாவது பிரிவு எனக்கு மனப்பாடம். ‘மாணவர் என்பது பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளையைக் குறிக்கும்.’ நான் எழுதியதுதான். நாகம்மாவை எத்தனை தடவை இந்தச் சட்டத்துக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசல்வரை வருவார். பெண் உள்ளே போவாள். அத்தோடு நான் நாகம்மாவை மறந்துவிடுவேன். அவருக்கும் உள்ளே போக ஆசை இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

டீச்சரைப் பார்த்தால் நல்ல மாதிரி தெரிந்தது. கேட்டால் நாலு நாள் உட்கார விடுவார். அவர் மாறிப்போனால் அடுத்தவர் எழுப்பிவிடுவார். நல்ல மனசை நம்பி யாரும் வாசலில் நிற்கக் கூடாது என்றுதானே இந்தச் சட்டத்தையே எழுதினோம்? அதனால் டீச்சரிடம் நான் கேட்கவில்லை. நாகம்மாவிடம், “பார்த்துச் சொல்றேன்” என்றேன். முப்பது வருஷமாக மற்றவர்கள் சொல்லிக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்த அதே வார்த்தை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் எழுத வேண்டுமென்றால் இன்றைக்கு அந்த நாற்காலியில் இருப்பது நீங்கள்தான். எனக்கு அங்கே நுழைய அடையாள அட்டைகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாகம்மா கூப்பிடுவார். பார்த்தாயிற்றா என்று கேட்பார். நான் என்ன சொல்லட்டும்?